குத்திக் காட்டாமல் கூட நிற்போம்
பருமனான பிள்ளைகளும் பெற்றோரின் பக்கபலமும்



இப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். சாயங்காலம் ஐந்து மணி. கடைசி நிறுவை முடிந்து அம்மா லயத்துக்கு வருகிறார். முதுகு வலி, கால் வலி. காம்பராவுக்குள்ளே பதினான்கு வயது மகள் போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் வெறும் பிஸ்கட் பக்கெட் கிடக்கிறது. பார்த்ததும் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"காலையில இருந்து நான் மலையில கெடந்து சாகுறேன். நீ குந்தித் தின்னு தின்னு இப்படி ஊதிப் போய்க் கெடக்குற. அடுத்த வீட்டுப் புள்ளையப் பாரு, எப்படி இருக்குன்னு. நாளைக்கு ஒன்னைய யாரு கட்டுவா?"

மகள் பதில் பேசவில்லை. ராத்திரி "சோறு வேணாம்" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்கிறாள். அம்மாவுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. சொன்னது உறைத்திருக்கிறது, இனித் திருந்திவிடுவாள் என்று நினைக்கிறார். நடுச்சாமத்தில் எல்லாரும் தூங்கிய பிறகு மகள் எழுந்து, அடுப்படியில் இருட்டில் நின்றுகொண்டு, மிச்சமிருந்த ரொட்டி மூன்றையும் சீனி தொட்டுத் தின்கிறாள். தின்றுவிட்டு அழுகிறாள்.

இந்தத் தாய் கெட்டவர் இல்லை. மகள் நல்லா இருக்கணும் என்ற ஆசையில்தான் பேசினார். ஆனால் அந்தப் பேச்சு மகளைத் திருத்தவில்லை. அவளை ஒளிந்து சாப்பிட வைத்திருக்கிறது. ஏன் இப்படி நடக்கிறது, வேறு எப்படிப் பேசலாம், வீட்டில் என்ன செய்யலாம் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

நம்ம தோட்டத்திலயா இந்தப் பிரச்சினை?

"எங்க புள்ளைங்களுக்குச் சாப்பாடே காணாது, இதுல குண்டாகுறதா?" என்று சிலர் கேட்பீர்கள். கேள்வி நியாயமானதுதான். தோட்டப் பிள்ளைகள் என்றால் நிறை குறைவு, வளர்ச்சி குறைவு என்பதே பல காலமாக நம் கவலை. அந்தக் கவலை இன்றும் தீரவில்லை. 1973, 1974ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் பட்டினி வாட்டியதை நம் தாத்தா பாட்டிமார் கண்ணால் கண்டவர்கள். மரவள்ளிக் கிழங்கும் கீரையும் தின்று உயிர் பிழைத்த தலைமுறை அது. அவர்கள் கண்ணுக்குக் கொழுகொழுவென்று இருக்கும் பேரப்பிள்ளைதான் அழகு. "தட்டுல மிச்சம் வைக்காத, முழுசாத் தின்னு" என்று சொல்வது அந்தப் பசியின் ஞாபகம். அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் காலம் மாறியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 5 வயது முதல் 19 வயது வரையான பிள்ளைகளில் நிறை கூடியவர்கள் 1990இல் நூற்றுக்கு 8 பேராக இருந்தார்கள். 2022இல் அது நூற்றுக்கு 20 பேர். இது பணக்கார நாடுகளில் மட்டும் நடக்கிற காரியம் இல்லை. ஒரே வீட்டில் ஒரு பிள்ளை மெலிந்தும் இன்னொரு பிள்ளை பருத்தும் இருப்பதை இன்று பல நாடுகளில் காணலாம்.

காரணம் என்ன? கையில் காசு குறைவாக இருக்கும்போது வயிற்றை நிரப்புவது கோதுமை மா, சீனி, எண்ணெய் இந்த மூன்றும்தான். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் விலைவாசி எகிறியபோது முட்டை, மீன், பால், பழம் எல்லாம் பல வீடுகளில் தட்டை விட்டுப் போயின. ரொட்டியும் சாயத்தண்ணியும் மிஞ்சின. இந்தச் சாப்பாட்டில் பிள்ளையின் நிறை ஏறலாம், ஆனால் இரத்தம் ஊறாது. அதனால்தான் பருமனாக இருக்கிற பிள்ளைக்கும் இரத்தச்சோகை இருக்க முடியும். பருமன் என்றால் ரொம்பச் சாப்பிட்ட கொழுப்பு என்று நினைப்பது தவறு.

இன்னொரு காரணம், நடை குறைந்துவிட்டது. முன்பு பிள்ளைகள் மேட்டுலயத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஏறி இறங்கினார்கள், பீலிக்கரையில் தண்ணி எடுத்தார்கள், மாலையில் மைதானத்தில் ஓடினார்கள். இன்று பல இடங்களில் பஸ், ஆட்டோ, டியூசன், போன். பெற்றோர் நாள் முழுக்க மலை ஏறுகிறார்கள், பிள்ளை நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறது. இதற்கு மேல் பரம்பரையும் உண்டு. ஒரே சாப்பாட்டில் ஒரு உடம்பு சதை போடும், ஒரு உடம்பு போடாது. இது பிள்ளை கேட்டு வாங்கி வந்த வரம் இல்லை.

கண்ணால் நிறுக்காதீர்கள்

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் உடம்பு மாறுகிறது. பெண்பிள்ளைகளுக்கு இடுப்பும் தொடையும் சதை போடுவது இயற்கை. ஆண்பிள்ளைகள் சிலர் முதலில் பருத்து, பிறகு மளமளவென்று உயரமாகி மெலிவார்கள். ஆகவே பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு வைத்துப் பார்த்து "இது குண்டு" என்று நாமாகத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

நிறை கூடவா இல்லையா என்பதை உயரம், நிறை, வயது, ஆணா பெண்ணா என்ற நாலையும் சேர்த்துத்தான் கணக்கிடுவார்கள். வயதுக்கேற்ற உடற்திணிவுச் சுட்டி என்பது இதுதான். பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் பிள்ளைகளின் உயரமும் நிறையும் அளக்கப்படுகின்றன. பரிசோதனை நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்ளாதீர்கள். நிறை கூட என்று துண்டு கொடுத்து அனுப்பினால் அதைக் கிழித்துப் போடாதீர்கள். அதை வைத்துப் பிள்ளையை ஏசவும் செய்யாதீர்கள். கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.

ஒரு விஷயத்தைத் தாய்மார் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். சில பிள்ளைகளுக்குப் பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுத்து, தடித்து, வெல்வெட் துணி மாதிரி இருக்கும். அழுக்கு என்று நினைத்து சவுக்காரம் போட்டுத் தேய் தேய் என்று தேய்ப்போம். "ஒழுங்காக் குளிக்கிறதில்ல" என்று அடியும் விழும். பல நேரம் அது அழுக்கு இல்லை. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை, பின்னால் சீனி வியாதி வரலாம் என்று தோல் சொல்லும் எச்சரிக்கை அது. நம் தெற்காசிய மக்களுக்கு மற்ற இனத்தவரை விடக் குறைந்த நிறையிலேயே சீனி வியாதி வருகிறது. பிறக்கும்போது நிறை குறைவாகப் பிறந்து, பிறகு வேகமாகச் சதை போட்ட பிள்ளைகளுக்கு அந்த ஆபத்து இன்னும் கூட. தேய்ப்பதை விட்டுவிட்டு டொக்டரிடம் காட்டுங்கள்.

ஒரு சொல் என்ன செய்யும்?

"குண்டு", "தடிச்சி", "பூசணிக்கா", "யானைக்குட்டி". வீட்டில் செல்லமாகத்தான் கூப்பிடுகிறோம் என்போம். பிள்ளையும் சிரிக்கும். ஆனால் வெளியே போனாலும் அதே பெயர், வகுப்பிலும் அதே பெயர், பஸ்ஸிலும் அதே பெயர் என்றால், ஒளிந்துகொள்ள ஒரு வீடாவது வேண்டாமா?

அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தார் வளரிளம் பிள்ளைகளையும் அவர்களின் பெற்றோரையும் பல வருஷங்களாக ஆராய்ந்து வருகிறார்கள். 2013இல் வெளியான அவர்களின் ஆய்வு ஒன்று நமக்கு நல்ல பாடம். பெற்றோர் பிள்ளையின் நிறையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த வீடுகளில், பிள்ளைகள் பட்டினி கிடப்பது, சாப்பாட்டைத் தவிர்ப்பது போன்ற கெடுதலான வழிகளில் இறங்குவது அதிகமாக இருந்தது. நிறையைப் பற்றிப் பேசாமல் நல்ல சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசிய வீடுகளில் நிறை கூடிய பிள்ளைகளிடம் கூட அது குறைவாக இருந்தது. வீட்டாரின் கேலிக்கும் மனச்சோர்வுக்கும், அடக்க முடியாமல் வாரித் தின்பதற்கும் தொடர்பு இருப்பதையும் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அமெரிக்கக் குழந்தை வைத்தியர்களின் சங்கமும் 2016இல் பெற்றோருக்கு இதையே சொன்னது: நிறையைப் பேசாதீர்கள், கேலி வேண்டாம், குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

இதன் சூட்சுமம் கஷ்டமானது இல்லை. வெட்கப்பட்ட மனசு ஆறுதல் தேடும். கைக்கு எட்டிய ஆறுதல் இனிப்பும் மாவும்தான். தின்ற பிறகு இன்னும் வெட்கம். ஓடினால் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று விளையாட்டுப் போட்டிக்குப் போகமாட்டாள். வெள்ளைச் சட்டை இறுகிவிட்டது என்று பள்ளிக்கூடமே போகமாட்டாள். வீட்டிலேயே கிடந்தால் நிறை இன்னும் ஏறும். வண்டிச் சக்கரம் மாதிரி இது சுற்றும். அதைத் தள்ளி விடுவதும் நம் வாய்தான், நிறுத்தக்கூடியதும் நம் வாய்தான்.

பிள்ளைக்குத் தானாக மனசு வர என்ன வேண்டும்?

"நாங்க எவ்வளவோ சொல்லிட்டோம், அதுக்கா மனசு வரல" என்று பெற்றோர் சலித்துக்கொள்வார்கள். மனசு எப்படி வருகிறது என்பதை நம் தோட்டத்து வேலையை வைத்தே விளங்கிக்கொள்ளலாம்.

கங்காணி பின்னால் நிற்கும்போது கை வேகமாகப் போகும். அவர் அந்தப் பக்கம் திரும்பினால் கை தளரும். அதே ஆள், வேலை முடிந்து வந்து லயத்துக்குப் பின்னால் இருக்கும் தன் மரக்கறிப் பாத்தியில் இருட்டும் வரை குனிந்து நிற்பார். யாரும் விரட்டவில்லை. அது தன்னுடையது. பிள்ளையின் உடம்பும் அப்படித்தான். நாம் கங்காணி வேலை பார்த்தால், நாம் பார்க்கும்போது மட்டும் பிள்ளை சீனியைக் குறைக்கும். அது தன் பாத்தி என்று தோன்ற வேண்டும்.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் மனிதனுக்கு உள்ளிருந்து ஊக்கம் வர மூன்று காரியங்கள் வேண்டும் என்று விளக்கியிருக்கிறார்கள்.

ஒன்று, "நானே தீர்மானிச்சேன்" என்ற உணர்வு. "நாளையிலிருந்து நடக்கணும்" என்று கட்டளை போடாமல், "காலையில நடப்பமா, சாயங்காலம் பந்து அடிக்கிறியா, ஒனக்கு எது புடிக்கும்?" என்று கேளுங்கள். தெரிவு பிள்ளையுடையதாக இருக்கட்டும்.

இரண்டு, "என்னால முடியும்" என்ற நம்பிக்கை. சின்ன இலக்கு வையுங்கள். இந்த வாரம் தேத்தண்ணியில் அரைக் கரண்டி சீனி குறைப்போம், அவ்வளவுதான். நிறுவை குறைந்தால் அரைப்பேர் போடுவது எவ்வளவு மனவேதனை என்பது நமக்குத் தெரியும். நாமே நம் பிள்ளைக்கு அரைப்பேர் போடலாமா? ஐந்து நாள் நடக்கச் சொன்னோம், மூன்று நாள் நடந்தது. "ரெண்டு நாள் ஏமாத்திட்டியே" என்று சொன்னால் அடுத்த வாரம் ஒரு நாளும் நடக்காது. "மூணு நாள் நடந்துட்டியே தாயி, நல்லது" என்று முழுப்பேர் போடுங்கள். தராசு முள்ளைப் பாராட்டாதீர்கள், முயற்சியைப் பாராட்டுங்கள். முள் ஏறும் இறங்கும், அது பிள்ளையின் கையில் இல்லை. முயற்சி அதன் கையில் இருக்கிறது.

மூன்று, "என் ஆளுக என் பக்கம்" என்ற தைரியம். மெலிந்தாலும் பருத்தாலும் அம்மா அப்பாவுக்கு நான் பிள்ளைதான் என்று அது நம்ப வேண்டும். நிறை குறைந்தால்தான் பாசம் என்று தோன்றினால் மனசு உடைந்துவிடும். சொந்தக்காரர் கல்யாண வீட்டில் "என்னா இப்படிப் பருத்துட்டா?" என்று கேட்கும்போது, நாமும் சேர்ந்து சிரிக்காமல், "அவ நல்லாப் படிக்கிறா, நெட்போல்ல சேர்ந்திருக்கா" என்று பேச்சை மாற்றுங்கள். அந்த ஒரு வார்த்தையைப் பிள்ளை ஆயுசுக்கும் மறக்காது.

பிள்ளைக்குத் தனிச் சட்டம் வேண்டாம், வீட்டுக்கே ஒரு வழக்கம் போதும்

அமெரிக்காவில் லெனார்ட் எப்ஸ்டைன் என்பவரும் அவருடைய குழுவினரும் பருமனான சிறு பிள்ளைகளைப் பத்து வருஷம் தொடர்ந்து கவனித்து 1990இல் முடிவை வெளியிட்டார்கள். பிள்ளையோடு பெற்றோரும் சேர்ந்து தங்கள் பழக்கத்தை மாற்றிய குடும்பங்களில் பத்து வருஷம் கழித்தும் பலன் நின்றது. பிள்ளையை மட்டும் திருத்தப் பார்த்த இடத்தில் அந்தப் பலன் இல்லை. தம்பிக்கு வடை, அக்காவுக்குப் பச்சைத்தண்ணி என்றால் அது வைத்தியம் இல்லை, தண்டனை.

தேத்தண்ணியில் தொடங்குங்கள். ஒரு தேக்கரண்டி சீனி நாலு, ஐந்து கிராம். ஒரு கோப்பைக்கு மூன்று கரண்டி, நாளைக்கு நாலு கோப்பை என்றால் 12 கரண்டி. ஏறத்தாழ 50 கிராம். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சொல்லும் உச்ச அளவே ஏறக்குறைய இதுதான். 25 கிராமுக்குள், அதாவது ஆறு கரண்டிக்குள் நின்றால் இன்னும் நல்லது என்கிறது. பிஸ்கட், பனிஸ், சோடாவில் உள்ள சீனி இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை. வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் வீடே குறைக்கட்டும். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.

சோடா போத்தலில் நிறப் புள்ளியைப் பாருங்கள். 2016இல் நம் நாட்டில் இந்த முறை வந்தது. சிவப்பு என்றால் சீனி அதிகம். அதைப் பிள்ளையே பார்த்துத் தெரிவு செய்யப் பழகட்டும். திருவிழா நாளில் ஒரு போத்தல் குடித்தால் குடிமுழுகிப் போகாது. வீட்டில் வாங்கி அடுக்கி வைப்பதுதான் வேண்டாம்.

ரொட்டியை நிறுத்தச் சொல்லவில்லை. ரொட்டியோடு வெறும் சம்பல் மட்டும் இல்லாமல் பருப்போ, கீரையோ, நெத்தலியோ, முட்டையோ ஒன்று சேரட்டும். மூன்று ரொட்டியை இரண்டாக்கி, பக்கத்தில் கறியைக் கூட்டுங்கள். பாத்தியில் கிடைக்கும் போஞ்சி, கோவா, கரட், பொன்னாங்காணி, வல்லாரை எல்லாம் காசில்லாத மருந்து. விற்பதற்கு முன்னால் வீட்டுக்கு ஒரு பிடி எடுத்து வையுங்கள். மாலையில் பசித்து வரும் பிள்ளைக்கு அவித்த கடலையோ கௌபியோ இருந்தால் பிஸ்கட் பக்கெட்டைத் தேடாது.

காலைச் சாப்பாட்டை விட வேண்டாம். விடிகாலையில் நாம் பிரட்டுக்கு ஓடும் அவசரத்தில் பிள்ளை வெறும் தேத்தண்ணியோடு போகும், பத்து மணிக்குக் கடையில் பனிஸ் வாங்கும். முதல் நாள் ராத்திரியே ஏதாவது ஒன்றை மூடி வைத்தால் போதும்.

தட்டைக் காலி பண்ணச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். குறைவாகப் போட்டு, பசித்தால் கேட்கச் சொல்லுங்கள். அழுதால் டொபி, பரீட்சையில் வென்றால் கேக் என்று சாப்பாட்டைப் பரிசாக்காதீர்கள். தண்டனையாகச் சோற்றை நிறுத்தவும் கூடாது.

உடம்பு அசையட்டும். இந்த வயதுப் பிள்ளைகள் நாளைக்கு ஒரு மணி நேரமாவது உடம்பு வியர்க்க அசைய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஒரே மூச்சில் வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஒரு பாதி தூரம் நடப்பது, எல்லே, கரப்பந்து, கும்மி, கோலாட்டம், பாத்தி கொத்துவது எல்லாமே கணக்கில் சேரும். கூட்டத்தில் ஓட வெட்கப்படும் பிள்ளையை மைதானத்துக்குத் தள்ளாதீர்கள். முதலில் நீங்கள் கூடப் போங்கள். பெண்பிள்ளையை இருட்டில் தனியே அனுப்ப முடியாது என்பது உண்மை. அதனால்தான் அப்பாவோ அண்ணனோ சித்தியோ கூட நடக்க வேண்டும். நடக்கும்போது பிள்ளை மனசில் உள்ளதையும் பேசும். வீட்டுக்குள்ளே முகம் பார்த்துச் சொல்லாததை நடைபாதையில் சொல்லும். நாள் முழுக்க மலை ஏறிய அம்மாவுக்கு இது முடியாது என்றால், அம்மா வாசலில் இருந்து அனுப்பி வைக்கட்டும், அப்பா நடக்கட்டும். பிள்ளை வளர்ப்பு அம்மா தலையில் மட்டும் விழுந்த பாரம் இல்லை.

தூக்கத்தை மறக்காதீர்கள். பதின்மூன்று முதல் பதினெட்டு வயதுவரை ராத்திரிக்கு எட்டு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். தூக்கம் குறைந்தால் பசி கூடும். போனை ராத்திரி ஓர் இடத்தில் வையுங்கள். பிள்ளையின் போனை மட்டும் இல்லை, நம்முடையதையும்.

அம்மா வெளிநாட்டில் இருந்தால்

மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன தாய்மாரும், கொழும்பில் கடையில் நிற்கும் தகப்பன்மாரும் நம்மில் நிறையப் பேர். தூரத்தில் இருக்கும் மனசு, "எது வேணும்னாலும் வாங்கித் தின்னு" என்று காசு அனுப்பித்தான் ஆறுதல் படும். பேரப்பிள்ளை ஏங்கிப் போகுமே என்று பாட்டியும் கேட்டதெல்லாம் வாங்கிக் கொடுப்பார். இதில் பாசம் இருக்கிறது. ஆனால் பிள்ளை தேடுவது அம்மாவை. பிஸ்கட் அந்த இடத்தை நிரப்பாது.

போனில் பேசும்போது "பருத்துட்டியாமே, பாட்டி சொல்லுச்சு" என்று தொடங்காதீர்கள். "இன்னைக்கு என்னா செஞ்ச? யாரோட வெளையாடுன? எது கஷ்டமா இருந்துச்சு?" என்று கேளுங்கள். பாட்டியோடு தனியாகப் பேசி வீட்டு வழக்கத்தை ஒன்றாக முடிவு செய்யுங்கள். பாட்டி ஒன்று, அம்மா ஒன்று சொன்னால் பிள்ளை நடுவில் மாட்டிக்கொள்ளும். தூரத்தில் இருந்தும் பக்கபலமாக இருக்கலாம். அதற்குக் காது வேண்டும், காசு அதற்குப் பிறகுதான்.

எப்போது வைத்தியரிடம் போவது?

கழுத்து கறுத்தால், அடிக்கடி தாகமும் சிறுநீரும் இருந்தால், தூக்கத்தில் பலமாகக் குறட்டை விட்டு மூச்சுத் திணறினால், மாதவிடாய் மாதக்கணக்கில் தள்ளிப் போனால், இடுப்பு அல்லது முழங்கால் வலித்து நொண்டினால் தாமதிக்காதீர்கள். நொண்டும் பிள்ளையை "சோம்பேறி, நடிக்குது" என்று சொல்லி நடக்க வைக்காதீர்கள். பருமனான பிள்ளைகளுக்கு இடுப்பு எலும்பு மூட்டில் நழுவும் ஒரு நோய் வருவதுண்டு, அது அவசரம்.

பட்டினி போடாதீர்கள். கடையில் விற்கும் மெலியும் மாத்திரை, மெலியும் பவுடர் எதையும் கொடுக்காதீர்கள். பிள்ளை இன்னும் வளர்கிறது. பல பிள்ளைகளுக்கு நிறையைக் குறைக்கவே தேவையில்லை. நிறை மேலே ஏறாமல் நின்றால், உயரம் வளர வளர உடம்பு சரியாகிவிடும். எது தேவை என்பதை வைத்தியர் சொல்லட்டும்.

மனசின் அறிகுறியையும் கவனியுங்கள். சாப்பாட்டை ஒளித்து வைப்பது, சாப்பிட்டதும் போய் வாந்தி எடுப்பது, நாள்கணக்கில் சாப்பிடாமல் இருப்பது, பள்ளிக்கூடம் வேண்டாம் என்று அழுவது, கூட்டாளிகளை விட்டு ஒதுங்குவது, "நான் இருந்து என்ன பிரயோசனம்" என்று பேசுவது. கடைசியாகச் சொன்னது வாயில் வந்தால் விளையாட்டாக எடுக்காதீர்கள். பிள்ளையைத் தனியே விடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் போன் எடுத்துப் பேசலாம்.

அதே வீடு, வேறு ஒரு சாயங்காலம்

முதலில் பார்த்த வீட்டுக்குத் திரும்புவோம். அதே ஐந்து மணி. அம்மாவுக்கு அதே முதுகு வலி. மகள் அதே இடத்தில். பிஸ்கட் பக்கெட்டும் இருக்கிறது. அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு மூச்சு விடுகிறார்.

"பசியா இருந்துச்சா தாயி? கடலை ஊற வச்சிருக்கேன், அவிச்சுத் தின்னுவோம். இன்னைக்குப் பள்ளிக்கூடத்துல என்னா நடந்துச்சு?"

மகள் உடனே பேசமாட்டாள். இரண்டு நாள், மூன்று நாள் பேசமாட்டாள். ஒரு நாள் கடலை உரித்துக்கொண்டே, "வகுப்புல எல்லாரும் என்னைய ஒரு பேரு வச்சுக் கூப்புடுறாங்கம்மா" என்பாள். அன்றைக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டியதில்லை. "அப்படியா, ரொம்ப வலிச்சிருக்குமே" என்று சொன்னால் போதும். அடுத்த நாள் வகுப்பு ஆசிரியரைப் பார்த்துப் பேசலாம். அதற்கு அடுத்த வாரம், "அம்மா, எனக்குச் சீனி ஒன்னரைக் கரண்டி போதும்" என்று அவளே சொல்லலாம்.

நிறை மெதுவாகத்தான் மாறும். மாறாமலும் போகலாம். ஆனால் இருட்டில் நின்று தின்று அழுத பிள்ளை, வெளிச்சத்தில் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடும். பள்ளிக்கூடம் போகும். சிரிக்கும்.

மனதில் வைத்துக்கொள்ளுங்கள்

பட்டப் பெயர் வேண்டாம். நிறையைப் பேசாமல் நல்ல சாப்பாட்டைப் பேசுங்கள்.
பிள்ளைக்கு மட்டும் தனிச் சாப்பாடு வேண்டாம். வீடு முழுக்க ஒரே வழக்கம்.
சின்ன இலக்கு, பிள்ளையே தெரிவு செய்தது. முயற்சிக்கு முழுப்பேர்.
"போய் நட" என்று சொல்லாதீர்கள். "வா, நடப்போம்" என்று சொல்லுங்கள்.
பட்டினியும் மாத்திரையும் வேண்டாம். சந்தேகம் இருந்தால் கிளினிக்.

கொழுந்துச் செடியை இழுத்து வளர்க்க முடியாது என்பது நம்மை விட யாருக்குத் தெரியும்? களை எடுக்கிறோம், உரம் போடுகிறோம், காத்திருக்கிறோம். அது தானாகத் தளிர்க்கிறது. பிள்ளைகளுக்கும் அந்தப் பொறுமையைக் கொடுப்போம்.